கொஞ்சம் சிவப்பா

"கொஞ்சம் சிவப்பா காட்ட முடியுமா மேடம்?"

கேட்டவன் குழந்தையின் அப்பா. பிறந்து ஒரு நாள்கூட ஆகாத பிள்ளை, கழுத்துவரை துணி சுற்றி, குல்லா மாட்டி, தொட்டிலில் கண்மூடிக் கிடந்தான்.

போட்டோக்காரிக்குச் சுரீரென்றது. ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே ஸ்டுடியோ வைத்திருக்கிறாள். பிறந்த குழந்தையைப் படமெடுக்கக் கூப்பிடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள்.

"எதுக்குங்க சிவப்பா? பிள்ளை எப்படி இருக்கானோ அப்படி எடுத்தா ஆகாதா?"

"இவன் அம்மா பார்ப்பா மேடம். இந்த நிறத்துல பார்க்கக் கூடாது. நானே போன்ல எடுத்தேன். பார்க்கச் சகிக்கல, அழிச்சுட்டேன்."

பெற்ற பிள்ளையைப் பார்க்கச் சகிக்கவில்லையாம்! போட்டோக்காரியே நல்ல கறுப்பு. பள்ளிக்கூடத்தில் 'கரிச்சட்டி', கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் வாயில் அதைவிட மோசம். தொட்டிலில் கிடந்தவனுக்கு உதடுகூட அவளுடையதைப் போலவே கறுத்திருந்தது. அவளுக்கு அவனை அப்போதே பிடித்துப்போயிற்று.

நர்ஸ் அவசரப்படுத்தினாள். மற்ற நாளில் கையைக் கழுவு, மாஸ்க்கைப் போடு, தள்ளி நில் என்று ஒருவழி பண்ணிவிடுகிறவள், இன்றைக்கு அதெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. "சீக்கிரம் முடிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போட்டோக்காரி குனிந்து நாலைந்து படம் எடுத்தாள். ஷட்டர் சத்தத்துக்குப் பிள்ளை சிணுங்கவில்லை. சமர்த்து என்று மனசுக்குள் கொஞ்சிக்கொண்டாள்.

"நான் ரா ஃபைலா எடுக்கறேன்" என்றாள் அவனிடம். "கேமரால என்ன செட்டிங் வெச்சாலும் அந்த ஃபைல்ல ஒட்டாது. நிறம் முழுசா உள்ளேயே இருக்கும். அப்புறமா கம்ப்யூட்டர்ல எப்படி வேணாலும் மாத்திக்கலாம், அது உங்க இஷ்டம்."

"கம்ப்யூட்டருக்கெல்லாம் நேரமில்ல மேடம். இந்தக் கேமரா திரையிலதான் அவ பார்க்கப் போறா. ரத்தம் நிக்கல, மறுபடி ஆபரேஷன். பிள்ளையைப் பார்க்காம உள்ள போக மாட்டேன்னு அடம் பிடிக்கறா. மனசு விட்டுடக் கூடாது, தெம்பா உள்ள வரணும், இல்லேன்னா கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டார். தயவுபண்ணி அந்தத் திரையில மட்டுமாவது…"

அவன் சொன்னது நியாயந்தான். ரா ஃபைலாக எடுத்தாலும், கேமராவின் பின்பக்கத் திரையில் தெரிவது அதுவே அந்த நேரத்துக்குச் செய்து காட்டுகிற ஜேபெக் படம். செட்டிங்கெல்லாம் அதில் ஏறும். ஒயிட் பேலன்ஸைக் கொஞ்சம் சிவப்புப் பக்கம் நகர்த்தி, நிற அடர்த்தியை இரண்டு படி ஏற்றினால் போதும், கன்னத்தில் ரோஜா பூத்துவிடும். அரை நிமிஷ வேலை.

ஆனால் வெளிச்சத்தை ஏமாறாமல் பார்ப்பதற்காக அவள் அந்தச் செட்டிங் எல்லாவற்றையும் குறைத்தே வைத்திருப்பாள். அவள் திரையில் எந்த முகமும் வெளிறித்தான் தெரியும். அவளுக்கு அது பழகிப்போன விஷயம்.

"மேடம், விஷயம் என்னன்னா…" அவன் தொண்டையைச் செருமினான்.

"விஷயம் எனக்குத் தெரியும்ங்க. இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்! பெத்தவ நிறமா பார்ப்பா? சுத்தி இருக்கறவங்கதான் பார்ப்பீங்க. ஒரு நாள் பிள்ளைக்கே பவுடர் பூசுனா, அவன் வளர்ந்தப்புறம் என்ன பண்ணுவீங்க?"

அவன் கண் கலங்கியதைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு திருப்தி. நன்றாக உறைக்கட்டும் என்று நினைத்தாள்.

"தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போறாங்க, வாங்க!" என்று வாசலில் யாரோ குரல் கொடுத்தார்கள்.

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "ஒரே ஒரு தடவை மேடம். உங்க காலைப் பிடிச்சுக்கறேன்."

"சரி சரி, மாத்தறேன்." நடந்துகொண்டே இரண்டு பட்டனை அழுத்துவதுபோல் அழுத்தினாள். ஒன்றையும் மாற்றவில்லை. "மாத்திட்டேன், வாங்க."

அவன் முகத்தில் உயிர் வந்தது. நன்றி சொல்லத் தெரியாமல் அவளுக்கு முன்னால் ஓடினான்.

வராந்தாவில் தள்ளுவண்டியில் படுத்திருந்தாள் தாய். முகத்தில் சொட்டு ரத்தமில்லை. ஊசி குத்தியிருந்த கையைத் தூக்கி, "காட்டுங்க, காட்டுங்க" என்று பறந்தாள்.

"நல்லா இருக்கான்மா. நல்லாத் தூங்கறான்" என்றான் கணவன்.

போட்டோக்காரி குனிந்து கேமராவை அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள். தாய் அதை இரண்டு கையாலும் பற்றி இழுத்து, திரையோடு கண்ணை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். நேரம் போனது. வண்டி தள்ளுகிறவன்கூடப் பொறுமையாக நின்றான்.

அவள் முகம் சுளிக்கவில்லை. ஏன் இவ்வளவு கறுப்பு என்று கேட்கவில்லை. விரலால் அந்தக் கறுத்த உதட்டைத் தடவினாள். பார்த்தாயா என்பதுபோல் போட்டோக்காரி அந்த அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சுவரோடு சாய்ந்து நின்று திரையையே வெறித்துக்கொண்டிருந்தான்.

தாய் கேமராவை விட்டுவிட்டு அவன் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"பிள்ளைக்கு எப்பங்க உயிர் போச்சு?"