'யெட்' வரும் இடம்

கடலோர ஊரான ஸர்ஸிஸில் பெண்களின் ஆங்கில வகுப்பு. படகேறி இத்தாலிக்குப் போன மகன் அனீஸைத் தேடித் தரும்படி வெளிநாட்டு அலுவலகம் ஒன்றுக்கு மப்ரூக்கா எழுதிய கடிதத்தில், டீச்சர் ஸல்மா ஒரு வரியை அடித்தார்.

"'டிட் நாட் கால்'னா அந்தக் காலமே முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். 'ஹாஸ் நாட் கால்ட் யெட்'னு எழுதுங்க. இனிமே கூப்பிடலாம்னு அதுல இருக்கு."

"பிள்ளையத் தொலைச்சவ கடுதாசில கூடவா இலக்கணம்? உங்களுக்கு வந்தாத்தான் தெரியும் டீச்சர்."

ஸல்மா பேனாவை நீட்டினார்.

வரியைத் திருத்திவிட்டு மப்ரூக்கா தணிந்த குரலில் கேட்டாள்: "ரெண்டு வருஷம் ஆச்சு. எத்தனை வருஷம் வரைக்கும் இப்படி எழுதலாம்?"

"தெரியலக்கா. என் மகனப் பத்தி நான் பதினோரு வருஷமா இப்படித்தான் எழுதிட்டிருக்கேன்."