அவங்க பக்கத்து நடுவர்

"அந்தம்மா அவங்க ஆளு. சந்தேகமே இல்லை," என்றார் அட்டைப்பெட்டிக்காரர், தாழ்வாரத்துக்கு வந்ததும் வராததுமாக.

"மெதுவா, மாமா," என்றாள் அவருடைய வக்கீல். சொந்த அக்கா மகள்.

வெளிநாட்டுக் கம்பெனியிடம் அவர் வாங்கிப் போட்ட பெட்டி செய்யும் இயந்திரம், வந்த நாளிலிருந்து அட்டையைக் கிழித்துத் தள்ளியதே தவிர, ஒரு பெட்டியை உருப்படியாக மடிக்கவில்லை. ஆர்டர்கள் கைநழுவின. ஆட்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. கம்பெனி அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளாவிட்டால் ஆலையை இழுத்து மூட வேண்டியதுதான்.

உள்ளூர்க் கோர்ட்டுக்குப் போய்ப் பார்த்தார். தகராறு வந்தால் உங்கள் நாடும் வேண்டாம், எங்கள் நாடும் வேண்டாம், மூன்றாவது நாட்டில் ஒரு நடுவர் தீர்க்கட்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதே என்றார் நீதிபதி. வாங்கும் அவசரத்தில் மனிதர் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார்.

அப்படித்தான் இங்கே வந்து சேர்ந்தார்கள். கூண்டு இல்லை, டவாலி இல்லை. ஒரு நீள மேஜை, தண்ணீர் பாட்டில்கள், கோடியில் நரைத்த தலையோடு அந்த நடுவரம்மா.

முதல் நாளே அட்டைப்பெட்டிக்காரர் அசந்துபோனார். இயந்திரத்தின் படத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, ஓட ஓட உருளைக்கும் கத்திக்கும் நடுவே இடைவெளி மாறுகிறதா என்று கேட்டார் அந்தம்மா. இவருடைய ஃபோர்மேன் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த விஷயம் அது.

இவ்வளவு மூளையும் எதிராளிக்கா போக வேண்டும்? அதுதான் வயிற்றெரிச்சல். கம்பெனிக்காரர்கள் கெடு தாண்டி ஆதாரம் கொடுத்தார்கள்; அந்தம்மா வாங்கிக்கொண்டார். அவர்களுடைய பொறியாளர் விமானத்தைத் தவறவிட்டார்; அவர் வரும்வரை அந்தம்மா காத்திருந்தார். இவர் வாயைத் திறந்தால் மட்டும், அதை முன்பே சொல்லிவிட்டீர்கள் என்று வெட்டிவிட்டார்.

"நீயாவது எதிர்த்து ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"வேணாம் மாமா. அவங்க வேலையை அவங்க பார்க்கட்டும்."

கடைசி நாள் அதற்கும் மேலே போனது. எல்லாம் முடிந்து எழப் போகும் நேரத்தில், இன்னும் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கம்பெனி வக்கீலிடம் கேட்டார் நடுவர். இல்லை என்றார் அவர். உங்கள் பக்கத்தைச் சொல்ல முழு வாய்ப்புக் கிடைத்ததா, குறை ஏதும் உண்டா என்று மறுபடியும் கேட்டார். குறையே இல்லை, இதைவிட நியாயமாக நடத்த முடியாது என்று வக்கீல் பல்லெல்லாம் தெரியச் சொன்னார். சுருக்கெழுத்தர் அதையும் குறித்துக்கொண்டார்.

"வெத்தலை பாக்கு வச்சுக் கேக்கறாங்க பாரு," என்று முணுமுணுத்தார் அட்டைப்பெட்டிக்காரர். ஊர் திரும்பும்போது அக்கா மகளை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

சில மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. கம்பெனி இயந்திரத்தை எடுத்துக்கொண்டு விலையைத் திருப்பித் தர வேண்டும்.

அவரால் நம்பவே முடியவில்லை. மறுபடி மறுபடி படித்தார். இயந்திரம் எங்கே தவறுகிறது என்று வரிக்கு வரி எழுதியிருந்ததைப் பார்க்கப் பார்க்கப் பிரமிப்பாக இருந்தது. இப்படிப்பட்டவரையா திட்டினோம் என்று வெட்கப்பட்டார்.

ஆனால் அன்றைக்கே பயமும் பிடித்துக்கொண்டது. கம்பெனியின் சொத்தெல்லாம் அதன் சொந்த நாட்டில். தீர்ப்பை நிறைவேற்ற அந்த ஊர்க் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

"சொந்த ஊர்க்காரங்களை விட்டுக் கொடுப்பாங்களா? அந்த வக்கீல் அங்கே போய் ஏதாவது சொல்லித் தடை வாங்கிடுவான்."

அடுத்த வாரம் அக்கா மகள் ஆலைக்கே வந்துவிட்டாள். கம்பெனி பணிந்துவிட்டது, கோர்ட்டுக்கே போகப் போவதில்லை என்றாள்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "அந்த வக்கீல் லேசுப்பட்ட ஆளில்லையே. ஏன் விட்டுட்டான்?"

"நானும் அவர்கிட்ட அதைத்தான் கேட்டேன் மாமா. 'என்னைப் பேச விடலைன்னு சொன்னாத்தான் எங்க ஊர் கோர்ட் தீர்ப்பைத் தடுக்கும். கேட்டதையெல்லாம் கொடுத்து, அந்தப் பொய்யைச் சொல்லக்கூட அந்தம்மா எனக்கு வழி வைக்கலையே'ன்னாரு."