கை மறக்காத சொல்

டார்ட்டு நகர அச்சகத்தில், பள்ளிப் பிள்ளைகளுக்கான எஸ்தோனிய வரலாற்றின் மை காயாத பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பிழை பார்க்கிறாள் ஹில்யா. மாஸ்கோவின் பிடி தளர்ந்தபின் எழுதிய புத்தகம். ஆனாலும் மாஸ்கோ பிடித்துக்கொண்டுபோன எஸ்தோனியர்களைப் பற்றி 'சைபீரியாவில் குடியேறினார்கள்' என்றே நிற்கிறது. "என்ன உர்மாஸ், மறுபடியும் மேலேருந்து மாத்தச் சொல்லிட்டாங்களா?" எழுத்துக் கோக்கும் உர்மாஸ் மூலப்பிரதியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறான். "ஐயோ அக்கா, இதுல சரியாத்தான் இருக்கு. இத்தனை வருசம் கோத்த சொல்லு, கை தானா எடுத்துடுச்சு." "குடியேறினாங்களாம்! எங்கம்மாவ மாட்டு ரயில்ல அடைச்சில்ல கொண்டுபோனாங்க." ஹில்யா அந்த வரியை விரலால் தட்டுகிறாள். ஈய எழுத்துகள் கிணுகிணுவென்று இடம் மாறுகின்றன. 'நாடு கடத்தப்பட்டார்கள்.' ஹில்யா அதை உரக்கப் படிக்கிறாள். உர்மாஸ் பழைய பயத்தில் பதறிக் கதவைச் சாத்த எழுகிறான். "உக்காருடா, கேக்கட்டும்" என்று சிரிக்கிறாள்.