திக்காமல் ஓடணும்

"படம் திக்கித் திக்கி வரக்கூடாதுண்ணே. அது ஒண்ணுதான் எனக்கு முக்கியம்" என்றான் தம்பி.

கம்ப்யூட்டர் கடைக்காரர் கண்ணாடி மேசைமேல் இரண்டு சின்னப் பெட்டிகளை எடுத்து வைத்தார். இரண்டும் பிராசசர், கம்ப்யூட்டரின் மூளை.

"இது விலை கம்மி. கேம் ஓடும், ஆனா திரையில நாலு வண்டி, நாலு ஆள்னு கூட்டம் சேர்ந்தா இழுக்கும். இது கொஞ்சம் கூட. கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கு, தனியா கார்டு வாங்க வேண்டாம். வழுக்கிட்டு ஓடும்."

"அப்ப ரெண்டாவதே குடுங்க."

பக்கத்தில் நின்ற அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளுக்கு வெளியூரில் ஆஸ்பத்திரி லேபில் வேலை. லீவு போட்டு அம்மாவைப் பார்க்க வந்தவள், அம்மாவுக்கு மாத்திரை வாங்கத்தான் தம்பியோடு கிளம்பினாள். வழியில் இந்தக் கடைக்குள் நுழைந்து நிற்கிறான், விளையாட்டுக் கம்ப்யூட்டர் வாங்க.

அம்மாவுக்குப் பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்து வருஷம் ஆகப்போகிறது. பள்ளிக்கூட வேன் ஓட்டி இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கியவள். "இனிமே வண்டியைத் தொடக்கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். வைத்தியத்துக்குப் பணம் வேண்டியிருந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோதே வேனை விற்றது அக்காதான்.

வீடு திரும்பிய அம்மா, வழக்கமாக வேன் நிற்கும் இடம் காலியாகக் கிடப்பதைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து எது கேட்டாலும் 'ம்', இல்லையென்றால் 'ம்ஹூம்'. அவ்வளவுதான் பேச்சு.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட தம்பி, வீட்டிலிருந்தே நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறான். மீதிச் செலவெல்லாம் அக்கா அனுப்புவதில் ஓடுகிறது.

அப்படிப்பட்ட வீட்டுக்கு இது கேக்குதா?

"வாங்கறதே தப்பு. வாங்கித்தான் ஆகணும்னா விலை கம்மியானதை எடுடா" என்றாள்.

"திக்கினா தலை சுத்தும்க்கா."

"உக்காந்த இடத்துல தலை சுத்துதா? நாலு இடம் வேலை கேட்டுச் சுத்தினா அதெல்லாம் தெரியாது."

கடைக்காரர் துடைத்த மேசையையே மறுபடி துடைத்தார்.

தம்பி கோபப்படவில்லை. "அண்ணே, பிராசசர் இதே இருக்கட்டும். எல்லாத்தையும் உள்ள வைக்கிற பெட்டி இருக்கிறதுலயே மட்டமானது போதும். கலர் லைட்டு கியிட்டு ஒண்ணும் வேண்டாம். மானிட்டர், கீபோர்டு எல்லாம் என் பழசு இருக்கு."

"என்ன கேம் தம்பி? சுடுற கேமா?"

"இல்லண்ணே. சும்மா சாதாரணமானதுதான்."

அவன் பணத்தை எடுத்து நீட்டியபோதுதான் அக்காவுக்கு உறைத்தது. காலையிலிருந்து இவன் நடந்துதான் வருகிறான்.

"பைக் எங்கடா?"

"வித்துட்டேன். வீட்டுலயே இருக்கிறவனுக்கு எதுக்கு?"

அக்கா விறுவிறுவென்று மாத்திரைக் கடைக்கு நடந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம் சொன்னாள்: "உன் பிள்ளை பைக்கை வித்து விளையாட்டுச் சாமான் வாங்கிட்டு வந்திருக்கான்."

"ம்" என்றாள் அம்மா.

ராத்திரி அக்காவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டால் என்ன? பகலெல்லாம் ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம். நேரத்துக்கு மாத்திரையாவது ஒழுங்காகப் போகும். இவன் விளையாட்டு வெறியில் அம்மாவை மறந்துவிட்டால்? காலையில் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

காலையில் சொல்ல வாய்க்கவில்லை. அம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. திரும்பி வரும்போதே தெருவில் காதில் விழுந்தது, வீட்டுக்குள்ளிருந்து எஞ்சின் உறுமல்.

பட்டப்பகலில் ஆரம்பித்துவிட்டான்.

எதை முதலில் சொல்வது, எதைப் பிறகு சொல்வது என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே படியேறினாள்.

சமையலறையில் தம்பி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான்.

உள்அறையில் எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"அங்க யாருடா?"

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். "சரிப்படுமான்னு எனக்கே தெரியல. அதான் உன்கிட்ட சொல்லலை. என் பழைய கம்ப்யூட்டர்ல இந்த கேமை ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். படம் திக்கித் திக்கி ஓடுச்சு, அம்மாவுக்குத் தலை சுத்தி வாந்தியே வந்துருச்சு."

"அம்மாவுக்கா?"

"சத்தம் போடாம போய்ப் பாரு."

அறைக் கதவு பாதி திறந்திருந்தது. மேசை விளிம்பில் திருகி மாட்டிய, கேம் ஆடுவதற்கான ஒரு பழைய ஸ்டியரிங். அதன்மேல் அம்மாவின் வலது கை. கீழே பெடலில் வலது கால். இடது கை மடியில் ஒரு தலையணைமேல் கிடந்தது.

திரையில் மழை பெய்துகொண்டிருந்தது. வேன் ஒன்று நிறுத்தத்தில் நின்றது. குடை பிடித்த ஆட்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். படம் ஓர் இடத்தில்கூடத் திக்கவில்லை.

அம்மாவின் முதுகு நிமிர்ந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அக்கா அதைப் பார்த்ததில்லை.

நிலைப்படியிலேயே நின்றாள். கையிலிருந்த பரிசோதனை முடிவு கசங்கியது தெரியவில்லை.

யார் வந்தது என்று அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. பார்வை சாலையில் இருந்தது. கொஞ்சம் குழறினாலும் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

"படியில நிக்காதம்மா. உள்ள வந்து கதவைச் சாத்து, வண்டி எடுக்கப்போறேன்."