எழிலின் சட்டை

மழலையர் பள்ளி ஆண்டு விழாவில் நாற்பது குழந்தைகள் ஒன்றுபோலக் குதித்து, ஒன்றுபோலக் காற்றில் 'அ' எழுதி, ஒரே குரலில் பாடினார்கள். ஆட்டுவது, எழுதவைப்பது, பாடுவது எல்லாம் அவர்களுக்குப் பள்ளி மாட்டிவிட்டிருந்த இயந்திரச் சட்டையின் வேலை. குழந்தைகளின் வேலை அதற்குள் இருப்பது மட்டும்தான்.

"ஒரு பிசிறு உண்டா, பாருங்க! எங்க பிள்ளைங்களுக்குத் தப்புப் பண்ணவே தெரியாது" என்று மைக்கில் முழங்கினார் தாளாளர்.

முன்வரிசையில் இருந்த தமயந்தி சட்டென்று எழுந்தாள். மூன்று வயது மகன் எழிலின் தலை தோளில் துவண்டு கிடந்தது. கை எழுதியது, கால் குதித்தது, காலர் பாடியது. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான்.

மேடையேறித் தொட்டாள். உடம்பு அனலாய்ச் சுட்டது. பொத்தான்களைக் கழற்றினாள்.

"என்னம்மா பண்றீங்க? வரிசை கெட்டுப்போகுது!" என்று கத்தினார் தாளாளர்.

"வரிசையை நீங்களே வச்சுக்கோங்க சார். பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்குது. ஆனா ஆவன்னா தெரிஞ்ச சட்டைக்கு அது தெரியலையாக்கும்?"

மகனைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். அவன் நின்ற இடத்தில் வெறும் சட்டை விடாமல் ஆடியது. கூட்டம் கைதட்டியது.

மருத்துவமனையில் காத்திருந்தபோது பள்ளியிலிருந்து செய்தி வந்தது: "வாழ்த்துகள்! கடைசிவரை பிசகாமல் ஆடிய உங்கள் மகன் எழிலுக்கு முதல் பரிசு."