கடைசி நம்பர்

அப்பாவின் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த அருள்நேசனுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. காற்று எழும்பப்போகிறது, கடலுக்குப் போகாதீர்கள் என்ற செய்தி நேற்று இரண்டு மணிக்கே அப்பா ஜோர்ஜின் போனுக்குப் போய்விட்டது. அனுப்பியதே அருள்நேசன் எழுதிய புரோகிராம்.

"தெரிஞ்சுகொண்டே போய்ச் செத்திருக்கிறார், மச்சான். மகன் சொன்னாக் கேக்கிற மனுசனே?"

"செத்த மனுசனைப் பேசாதை" என்றான் வாகீசன். அலுவலகத்தில் பக்கத்துக் கதிரைக்காரன் அவன்.

கொழும்புத்துறையில் கடலுக்குப் போகும் ஐந்து பேருக்காகப் போன மாதம் பேர்ள் என்ற கணினி மொழியில் எழுதியது. ஐந்து நம்பர்களையும் qw என்ற அடைப்புக்குள் போட்டு, இடையிடையே கமாவும் இடைவெளியும் வைத்து, வெளியே இன்னொரு அடைப்புக்குறியும் போட்டிருந்தான். சொந்த வீட்டுக்காரரை முன்னுக்கு வைக்கக்கூடாது என்று அப்பாவின் நம்பரைக் கடைசியில் வைத்தான்.

"உந்த வெளி அடைப்புக்குறி எதுக்கடா, சும்மா?" என்று வாகீசன் சண்டைக்கு வந்தான். அரை நாள் அதற்கே மல்லுக்கட்டினார்கள். பிறகு ஓட்டிப் பார்த்தபோது அப்பாவின் போனுக்குச் செய்தி போனது. அதோடு விட்டுவிட்டார்கள்.

வாசலில் அந்த ஐந்து பேரில் மிச்ச நாலு பேர், அடைக்கலநாதனும் மற்ற மூவரும், வந்து நின்றார்கள். கட்டியிருந்த சாரங்கள் இன்னும் காயாததை அருள்நேசன் கவனிக்கவில்லை. அவர்களை உயிரோடு பார்க்க அவனுக்கு வயிறு எரிந்தது.

"நீங்களாவது மெசேஜைப் பாத்து வீட்டிலை நிண்டியள், மாமா."

"என்ன மெசேஜ், தம்பி? எங்களுக்கு ஒண்டும் வரேல்லையே."

வாகீசன் பையிலிருந்து லாப்டொப்பை எடுத்தான். அந்த வரியைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போனது. qw-வுக்குள் இடைவெளி விட்டாலே போதும். கமா வைத்தால் அது முன்னால் உள்ள நம்பரோடு ஒட்டிக்கொண்டு அதைக் கெடுத்துவிடும். நாலு நம்பர் கெட்டுக் கிடந்தன. பின்னால் கமா இல்லாத கடைசி நம்பர் மட்டும் ஒழுங்காக இருந்தது.

அருள்நேசன் அடைக்கலநாதனிடம் திரும்பினான்.

"அப்ப அப்பாவுக்கு மட்டும்தான் வந்திருக்கு. வந்தும் ஏன் மாமா போனவர்?"

அடைக்கலநாதன் பெட்டியைப் பார்த்தபடி சொன்னார்.

"மூண்டு மணிக்கு நாங்கள் நாலு பேரும் வெளிக்கிட்டிட்டம், தம்பி. வள்ளம் கவிண்டு, அக்கரையிலை ஒதுங்கி, இப்பத்தான் வாறம்."

"அப்பா?"

"எங்களைத் திருப்பிக் கூப்பிடத்தான் தன்ரை வள்ளத்திலை பின்னாலை வந்தவர்."