பெண்ணைப் பெற்றவர்கள்

"மூணே மூணு நாள் மேடம். எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு. அவ கல்யாணத்துல அம்மா நிக்கலேன்னா எப்படி?"

சிறைக் கண்காணிப்பாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆளாளுக்கு இப்படிக் கிளம்பினா ஜெயில் என்னத்துக்கு ஆகும்?"

"பாதி ஆயுசு இந்த மதிலுக்குள்ளயே போச்சு மேடம். அவ நடை பழகினதைக்கூட நான் பார்க்கல. என்மேல ஒரு சின்னப் புகார் உண்டா?"

"இல்லதான். அதுக்காக?"

அழுது பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். காலில் விழாத குறைதான். கல்லில் நார் உரிக்க முடியுமா? கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வாசலில் காத்திருந்தவளுக்கு அந்த முகமே விஷயத்தைச் சொல்லிவிட்டது. "இல்லேன்னுட்டாங்களாக்கா? எனக்குக் கொடுத்துட்டாங்க. என் பொண்ணு கல்யாணமும் அதே நாள்தானே..." சொல்லவே கூச்சமாக இருந்தது அவளுக்கு.

"கொடுத்து வெச்சவ. நல்லபடியா போயிட்டு வா."

உள்ளேயிருந்து கண்காணிப்பாளரின் குரல் வந்தது. "வார்டரம்மா, உன்னை ஏன் விடலேன்னு கேட்டுக்கோ. பரோல்ல போற அந்தக் கைதிக்குக் காவலா ஒரு பொம்பள வார்டர் போயாகணும். இன்னொருத்தி பிரசவ லீவுல இருக்கா. அதனால நீதான் போறே. கல்யாண மேடையில அவ பக்கத்தைவிட்டு நகரக் கூடாது."

இடுப்புச் சாவிக்கொத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள் வார்டர். "அப்ப அவளையும் விடாம இருந்திருக்கலாமே மேடம்?"

"அடிப்பாவி! பெத்த பொண்ணு கல்யாணத்துல அம்மா நிக்கலேன்னா எப்படி?"